கொட்டியாரத்தின் காப்புப் பிரதிகள்: ஓலை முதல் வலையமைப்பு வரை

ஆவணக் காப்பு மூன்று வேலைகளால் ஆனது. மூலத்தைப் பார்த்துப் பிரதி எடுப்பது ஒன்று. அந்தப் பிரதியை மூலம் இருக்கும் இடத்துக்குத் தொலைவில் வைப்பது இன்னொன்று. எந்தப் பிரதி எங்கே, எந்த நாளில் வைக்கப்பட்டது என்று பேரேட்டில் எழுதுவது மூன்றாவது. இன்று இந்த மூன்றையும் வலையமைப்புக் காப்பு மென்பொருள் இரவோடு இரவாகத் தானே செய்து முடிக்கிறது. அதன் பேரேடு ஒரு தரவுத்தளத்தில் இருக்கிறது. மென்பொருளுக்கும் தரவுத்தளத்துக்கும் நடுவே நின்று பேசுவது தரவுத்தள இடையடுக்கு. திருகோணமலைத் துறைமுக மாவட்டத்தின் கொட்டியாரப் பற்றில் முதல் மூன்று வேலைகளும் ஓலையிலும் கடுதாசியிலும் நெடுங்காலம் நடந்திருக்கின்றன. நடுவே நின்று பேசும் நான்காவது வேலைக்கும் அங்கே ஆள் இருந்தார்.

ஊரும் தொலைவும்

கொட்டியாரப் பற்றின் ஊர்களில் ஒன்றான தோப்பூர், மூதூர்ப் பிரதேச செயலாளர் பிரிவில், கொட்டியாரக் குடாவுக்குத் தெற்கே, மட்டக்களப்புக்குப் போகும் ஏ15 வீதியில் இருக்கிறது. முஸ்லிம்கள் பெரும்பான்மையாக வாழும் ஊர். அல்லைக் குளத்துத் தண்ணீரில் விளையும் நெல்லும் உல்லைக்கழியின் மீனும் அந்தப் பகுதியின் வாழ்வாதாரம். மாவட்டத் தலைநகரான திருகோணமலை குடாவின் எதிர்க்கரையில் இருக்கிறது. மூதூர் இறங்குதுறையிலிருந்து லோஞ்சில் குடாவைக் கடந்து போகலாம். தரைவழியே போனால் மகாவலியின் கிளைகளையும் கடல்நீர் புகும் ஏரிகளையும் தாண்ட வேண்டும். 2009 அக்டோபரில் கிண்ணியாப் பாலம் திறக்கப்படும் வரை, ‘பாதை’ என்று ஊரார் சொல்லும் மிதவையில் ஏறித்தான் கிண்ணியாத் துறையைக் கடக்க முடிந்தது.

மருத்துவமனைக்கும் கச்சேரிக்கும் போகிறவர்களுக்கு இந்தத் தொலைவு பெரும் சிரமம். ஆவணங்களுக்கோ அதுவே காவல். ஒரு கரையில் நேரும் அழிவு மறுகரையில் வைத்த பிரதியைத் தொடுவதற்கு வாய்ப்புக் குறைவு. அழிவுகளோ அடிக்கடி வந்தன. 1964 டிசம்பர் 22ஆம் திகதி திருகோணமலைக் கரையைக் கடந்த புயல், பாக்கு நீரிணையில் ஏறித் தனுஷ்கோடியையும் அழித்தது. 2004 டிசம்பர் 26ஆம் திகதி ஆழிப்பேரலை மூதூர், கிண்ணியாக் கரைகளைத் தாக்கியது. 2006 ஓகஸ்ட்டில் போர் மூதூருக்குள் வந்தபோது மூதூர், தோப்பூர் மக்கள் உடுத்த உடுப்போடு கந்தளாய்ப் பக்கம் நடந்தார்கள். வீட்டுப் பெட்டியில் இருந்த பிறப்புப் பத்திரமும் காணி உறுதியும் அடையாள அட்டையும் பலருக்கு அப்படியே போயின. பெட்டி போனாலும், அதிலிருந்த ஆவணத்தின் இன்னொரு பிரதி வேறெங்கோ இருந்தால் மட்டுமே பிள்ளையைப் பள்ளியில் சேர்க்கவும், வயலைத் தன்னுடையதென்று காட்டவும், நிவாரணம் பெறவும் வழி கிடைத்தது.

ஏடு பெயர்த்தல்

இப்பகுதியில் அறியப்பட்ட மிகப் பழைய காப்புமுறை ஏடு பெயர்த்து எழுதுவது. பனையோலை ஈரத்தாலும் செல்லாலும் அழியும். ஒரு சுவடி சிதையத் தொடங்கும்போதே பார்த்து எழுதி இன்னொன்றை உண்டாக்க வேண்டும். பழைய ஏட்டை நீரில் விடுவதற்கும் தீயில் இடுவதற்கும் முன்னால் புதிய ஏடு முழுமையாக இருக்கிறதா என்று சரிபார்ப்பது எழுத்தரின் கடமை.

கோணேசர் கோயிலின் வழிபாட்டு முறையையும், தொழும்புகளையும், காணிகளையும் வரிசைப்படுத்தும் கோணேசர் கல்வெட்டு இந்த முறையால் பிழைத்த நூல். கவிராஜவரோதயர் இயற்றியதாகச் சொல்லப்படும் இந்நூலின் பெயரில் கல்வெட்டு இருந்தாலும், அது நம் கைக்கு வந்தது ஏட்டின் வழியே. 1622இல் போர்த்துக்கேயர் கோயிலை இடித்து, அதன் கற்களைக் கோட்டைக்கு எடுத்தார்கள். கட்டடம் மறைந்த பின்பும் திருகோணமலை, கொட்டியாரம், தம்பலகாமம், கட்டுக்குளம் என்ற நான்கு பற்றுகளின் கடமைகள் ஏடுகளில் நின்றன. எந்தக் குடியினர் என்ன தரவேண்டும் என்ற கணக்கு கற்சுவரை விட ஓலையில் நீண்டு வாழ்ந்ததற்குக் காரணம் அது பல வீடுகளில் பல பிரதியாக இருந்ததுதான். பெயர்த்தெழுதும்போது பாடம் மாறுவதும் இடைச்செருகல் நுழைவதும் இந்த முறையின் குறை. பிரதியை மூலத்தோடு ஒப்பிட்டுச் சரிபார்க்கும் வழி ஒன்று தேவை என்பதை அந்தக் குறை காட்டியது.

கச்சேரியும் முதலியாரும்

போர்த்துக்கேயருக்குப் பின் வந்த ஒல்லாந்தர் ஆவணம் எழுதுவதிலும் பிரதி எடுப்பதிலும் கண்டிப்பானவர்கள். இலங்கையிலிருந்து பத்தாவியாவுக்கும் நெதர்லாந்துக்கும் போகும் கடிதங்கள் பல பிரதிகளாக எழுதப்பட்டு வெவ்வேறு கப்பல்களில் ஏற்றப்பட்டன. ஒரு கப்பல் மூழ்கினாலும் மற்றது சேரும். ஒல்லாந்தக் கிழக்கிந்தியக் கம்பனியின் ஆவணங்கள் 2003இல் யுனெஸ்கோவின் உலக நினைவுப் பதிவேட்டில் சேர்க்கப்பட்டபோது, கொழும்பில் உள்ள தொகுதிகளும் அவற்றோடு சேர்ந்தன. 1786இல் திருகோணமலையில் அதிகாரியாக இருந்த வான் சென்டன் கொட்டியாரப் பற்று உட்பட மாவட்டத்தின் ஊர்களுக்குப் பயணம் செய்து எழுதிய நாட்குறிப்பும் இத்தகைய ஆவணப் பழக்கத்தின் விளைவே. பதினெட்டாம் நூற்றாண்டுக் கொட்டியாரத்தின் குளங்களையும் குடிகளையும் அறிய இன்று அது ஒரு சாளரம்.

1795 ஓகஸ்ட்டில் திருகோணமலை ஆங்கிலேயர் கைக்குப் போனது. ஆட்சிமொழி ஒல்லாந்தத்திலிருந்து ஆங்கிலத்துக்கு மாறியது. ஆனால் வயல் வரி பற்றி முறையிடப் போன கொட்டியாரத்து உழவர் தமிழிலேயே பேசினார். அவருக்கும் ஆங்கில அதிகாரியான துரைக்கும் நடுவே மொழிபெயர்ப்பு முதலியார் நின்றார். உழவர் சொன்னதைத் துரையின் மொழியில் சொல்வதும், துரையின் ஆணையை ஊரின் மொழியில் சொல்வதும் அவர் வேலை. மேலே மொழி மாறியபோது அந்த மாற்றம் முதலியாரோடு நின்றது. உழவர் புதிய மொழி கற்க வேண்டியிருக்கவில்லை. தரவுத்தள இடையடுக்கு இன்று செய்வது இந்த வேலையைத்தான்.

உறுதியின் மூன்று பிரதிகள்

கடுதாசிக் காலத்தின் மிகச் சீரான காப்புமுறை காணி உறுதியில் அமைந்தது. 1907ஆம் ஆண்டின் 1ஆம் இலக்க நொத்தாரிசுக் கட்டளைச் சட்டப்படி நொத்தாரிசு எழுதும் உறுதி ஒன்றுக்கு மூன்று பிரதிகள் உண்டு. மூலம் காணிக்காரருக்குப் போகும். இன்னொன்று நொத்தாரிசின் சொந்தக் கோவையில் தங்கும். இரண்டாம் பிரதி காணிப் பதிவகத்துக்குப் போகும். ஒரு மாதத்தில் எழுதிய உறுதிகளின் இரண்டாம் பிரதிகளை அடுத்த மாதம் 15ஆம் திகதிக்குள் நொத்தாரிசு அனுப்ப வேண்டும். முத்திரைத் தீர்வைக்கான முத்திரைகளும் நெடுங்காலம் இந்த இரண்டாம் பிரதியில்தான் ஒட்டப்பட்டன. அரசுக்குச் சேர வேண்டிய பணம் பிரதியின் மேலேயே ஒட்டப்பட்டதால், பிரதியை அனுப்பாமல் விடுவது எளிதாக இருக்கவில்லை. காப்பெடுக்கும் கடமையை மறதிக்கு விட்டுவிடாமல் வருமானத்தோடு முடிச்சுப் போட்ட நல்ல ஏற்பாடு அது.

காணிப் பதிவகத்தில் ஒவ்வொரு காணித்துண்டுக்கும் ஒரு பக்கம் உண்டு. உறுதி வந்ததும் அதன் இலக்கம், திகதி, நொத்தாரிசின் பெயர், கொடுத்தவர், பெற்றவர் ஆகியவை அந்தப் பக்கத்தில் ஏறும். பக்கம் நிரம்பினால் அடுத்த தொகுதியின் எந்தப் பக்கத்தில் தொடர்கிறது என்ற குறிப்பும் ஏறும். தொகுதி எண்ணும் பக்க எண்ணும் தெரிந்தால், மூல உறுதியைத் தொலைத்தவரும் சான்றுப்படுத்திய பிரதி ஒன்றைப் பெறலாம். எண் தெரியாதவர் பெயர், ஊர், திகதி என்று ஒவ்வொன்றாகத் தேடி நாட்களைச் செலவிட வேண்டும்.

பிறப்பு, இறப்புப் பதிவு 1867இல் இலங்கையில் தொடங்கியது. பதிவாளரின் பிரிவில் ஒரு பிரதியும் கொழும்பின் மத்திய பதிவறையில் ஒரு பிரதியுமாக வைக்கும் ஏற்பாடு பின்னர் பலருக்குக் கைகொடுத்தது. போருக்கும் ஆழிப்பேரலைக்கும் பிறகு கிழக்கில் நடமாடும் சேவைகள் நடந்தபோது, இழந்த பத்திரங்களை மறுபடி வழங்குவதற்கு இந்த இரட்டைப் பிரதியே அடிப்படை. காணாமற் போனவர்களின் இறப்பைப் பதிவதற்கு 2005இன் 16ஆம் இலக்க ஆழிப்பேரலைச் சிறப்பேற்பாடுகள் சட்டம் தனிவழி வகுத்தது.

வலையமைப்புக் காப்பு

கணினி வந்தபோதும் அந்த மூன்று வேலைகள் மாறவில்லை. ஒவ்வொரு கணினியிலும் தனித்தனியே காந்த நாடா செருகிக் காப்பெடுப்பது 1980களின் வழக்கம். பல கணினிகள் ஒரே வலையமைப்பில் இணைந்ததும், ஒரு சேவையகமே எல்லாவற்றையும் இரவில் அழைத்துப் பிரதி எடுக்கலாம் என்ற எண்ணம் வந்தது. மேரிலாந்துப் பல்கலைக்கழகத்தில் 1990களின் தொடக்கத்தில் உருவான அமாண்டா, கட்டற்ற மென்பொருளில் இதற்கு முன்னோடி. அமாண்டா தன் கணக்கைச் சாதாரண உரைக்கோப்புகளில் வைத்தது. நாடாவில் எழுதியதும் யூனிக்சின் பொதுவான டார், டம்ப் வடிவங்களில் இருந்ததால், அமாண்டா இல்லாமலேயே அதைப் படிக்க முடிந்தது.

கெர்ன் சிபால்ட் 2000இல் தொடங்கிய பக்கியூலா வேறு வழியில் போனது. அதன் முதல் பொதுவெளியீடு 2002இல் வந்தது. அதில் வேலை மூவரிடம் பிரிந்திருக்கிறது. இயக்குநர் எப்போது எதைக் காப்பெடுப்பது என்று ஆணையிடுகிறார். காக்கப்படும் கணினியில் இருக்கும் கோப்பு முகவர் கோப்புகளைப் படித்து அனுப்புகிறார். சேமிப்பு முகவர் அவற்றை நாடாவிலோ வட்டிலோ எழுதுகிறார். மூவரும் 9101, 9102, 9103 என்ற துறை எண்களில் ஒருவரோடொருவர் பேசுகிறார்கள். நான்காவதாகப் பேரேடு ஒன்று உண்டு. அது எஸ்கியூஎல் தரவுத்தளத்தில் இருக்கிறது.

அந்தப் பேரேட்டில் ஒவ்வொரு காப்பு வேலைக்கும் ஒரு வரிசை, ஒவ்வொரு நாடாவுக்கும் ஒரு வரிசை, காப்பெடுத்த ஒவ்வொரு கோப்புக்கும் ஒரு வரிசை. செவ்வாய்க்கிழமை அழிந்துபோன ஒரு கோப்புறை வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். இயக்குநர் பேரேட்டைக் கேட்கிறார். கடைசி முழுக்காப்பு எந்த ஞாயிறு, அதற்குப் பின் மாறியவற்றை மட்டும் எடுத்த காப்புகள் எவை, அவை எந்த நாடாவில் எந்த இடத்தில் என்று பேரேடு பதில் சொல்கிறது. பிறகு அந்த இடங்களை மட்டும் படித்தால் போதும். காணிப் பதிவகத்தின் தொகுதி எண்ணும் பக்க எண்ணும் செய்த வேலை இதுதான். பேரேடு அழிந்தால் நாடாக்களை முதலிலிருந்து கடைசி வரை படித்து அதைத் திரும்பக் கட்டும் கருவியும் பக்கியூலாவில் உண்டு. ஆனால் அது மிக நீண்ட வேலை. ஆகவே பேரேட்டையும் ஒவ்வொரு இரவும் கடைசியாகக் காப்பெடுப்பது வழக்கம்.

இடையடுக்கு

பக்கியூலாவின் பேரேட்டை மைஎஸ்கியூஎல், போஸ்ட்கிரெஸ்கியூஎல், எஸ்கியூலைட் ஆகிய மூன்றில் ஒன்றில் வைக்கலாம். மூன்றும் எஸ்கியூஎல் பேசினாலும் வட்டார வழக்கு வேறு. வரிசைகளுக்குத் தானாக எண் கொடுக்கும் முறை, திகதியை எழுதும் முறை, மேற்கோள் குறியைக் காக்கும் முறை எல்லாம் ஒன்றுக்கொன்று மாறும். மென்பொருளின் ஒவ்வொரு மூலையிலும் இந்த வேறுபாடுகளை எழுதினால் அதைப் பராமரிக்க முடியாது. ஆகவே எல்லாக் கேள்விகளும் ஒரே வாசல் வழியே போகும்படி அமைத்து, அந்த வாசலில் மொழிபெயர்ப்பாளரை நிறுத்துகிறார்கள். 1992இல் மைக்ரோசொஃப்ட் வெளியிட்ட ஓடிபிசி, பேர்ல் மொழியின் டிபிஐ, பிஎச்பி மொழிக்காக மலேசியாவின் ஜோன் லிம் எழுதிய ஏடிஓடிபி எல்லாம் இந்த வகை. சி மொழிக்கு லிப்டிபிஐ.

2009இல் வெளிவந்த பக்கியூலா 3.0 பதிப்பில் லிப்டிபிஐ வழியாகப் பேரேட்டை அணுகும் வசதி சேர்ந்தது. ஏற்கெனவே ஓர் அலுவலகத்தில் வேறு தரவுத்தளம் ஓடிக்கொண்டிருந்தால், காப்புக்காக இன்னொன்றை நிறுவிப் பராமரிக்கத் தேவையில்லாத நாள் வரும் என்பது அதன் நோக்கம். நடைமுறையில், முன்பே நேரடியாக ஆதரிக்கப்பட்ட அந்த மூன்று தரவுத்தளங்களையே அது தாங்கியது.

இங்கே இடையடுக்கின் எல்லை தெரிகிறது. காப்பு மென்பொருள் ஒரே இரவில் இலட்சக்கணக்கான வரிசைகளைப் பேரேட்டில் சேர்க்கிறது. அதை விரைவாகச் செய்ய ஒவ்வொரு தரவுத்தளமும் தனக்கே உரிய வழி வைத்திருக்கிறது. பொதுவான இடையடுக்கு எல்லாருக்கும் பொதுவானதை மட்டும் பேசினால் அந்த வேகம் போகும். வேகத்துக்காகத் தனிவழிகளைச் சேர்த்தால் பொதுத்தன்மை போகும். பக்கியூலாவிலிருந்து 2010இல் பிரிந்த பரியோஸ், 21ஆம் பதிப்பிலிருந்து போஸ்ட்கிரெஸ்கியூஎல் ஒன்றை மட்டுமே ஏற்கிறது. எல்லா மொழியையும் அரைகுறையாகப் பேசுவதைவிட ஒன்றை ஆழப் பேசலாம் என்பது அந்தத் திட்டத்தார் எடுத்த முடிவு.

தமிழுக்கு இன்னொரு சிக்கல் உண்டு. ‘தோப்பூர்’ என்று ஒரு கோப்புக்குப் பெயரிட்டால், யூனிகோடில் அது 8 குறிகள். யூடிஎஃப்-8 முறையில் ஒவ்வொன்றும் 3 பைட், ஆகமொத்தம் 24 பைட். முதலெழுத்தின் ஓகாரக் குறியை ஒரே குறியாக எழுதலாம். ஏகாரக் குறியும் காலும் என்று இரண்டாகப் பிரித்தும் எழுதலாம். பிரித்தால் 9 குறி, 27 பைட். திரையில் இரண்டும் ஒன்றுபோலவே தெரியும். கணினிக்கோ இரண்டு வெவ்வேறு பெயர். நடுவில் இருக்கும் அடுக்கு ஒன்று இவற்றைத் தானாக ஒரே வடிவத்துக்கு மாற்றினால், மீட்கும்போது மூலப்பெயர் திரும்பி வராது. யூனிக்சில் கோப்புப் பெயர் எந்த பைட் வரிசையாகவும் இருக்கலாம் என்பதால், போஸ்ட்கிரெஸ்கியூஎல்லில் பக்கியூலாவின் பேரேட்டை எஸ்கியூஎல்-ஆஸ்கி என்ற குறியாக்கத்தில் அமைக்கிறார்கள். அந்த அமைப்பில் தரவுத்தளம் எழுத்தைத் திருத்தாமல் வந்தது வந்தபடியே வைத்துக்கொள்ளும். பெயர்த்தெழுதும் ஏட்டில் எழுத்தர் தன் திருத்தத்தை நுழைக்கக் கூடாது என்ற பழைய ஒழுக்கமும் இதுவே.

சஹானா

இடையடுக்கின் பயன் இலங்கையில் பெரிதாக வெளிப்பட்டது 2004 ஆழிப்பேரலையின்போது. நாட்டில் 30,000க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். யார் எந்த முகாமில் இருக்கிறார், யாரைக் காணவில்லை, எந்த அமைப்பு எங்கே என்ன கொடுக்கிறது என்ற கணக்கு ஓரிடத்தில் இல்லை. இலங்கையின் கணினித் துறைத் தொண்டர்கள் சில நாட்களில் எழுதத் தொடங்கிய மென்பொருளே சஹானா. சிங்களத்தில் அச்சொல்லுக்கு நிவாரணம் என்று பொருள். லங்கா சொஃப்ட்வெயர் ஃபவுண்டேஷன் அதை வளர்த்தது. காணாமற் போனோர், முகாம்கள், நிவாரண அமைப்புகள், உதவிக் கோரிக்கைகள் என்று தனித்தனி இடாப்புகள் அதில் இருந்தன. பின்னர் 2005இல் பாகிஸ்தான் நிலநடுக்கத்திலும், 2006இல் பிலிப்பைன்ஸ் மண்சரிவிலும், 2010இல் ஹெயிட்டியிலும் அது பயன்பட்டது. 2006க்கான கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளையின் சமூகப்பயன் விருதும் அதற்குக் கிடைத்தது.

பிஎச்பியில் எழுதிய சஹானா, தரவுத்தளத்தோடு ஏடிஓடிபி வழியாகப் பேசியது. பின்னர் பைத்தனில் எழுதிய சஹானா ஈடன், வெப்டூபை என்ற கட்டமைப்பின் தரவுத்தள இடையடுக்கைப் பயன்படுத்தியது. அழிவு நேர்ந்த இடத்தில் எந்தக் கணினி கிடைக்கும், அதில் எந்தத் தரவுத்தளம் இருக்கும் என்று முன்கூட்டிச் சொல்ல முடியாது. ஒரு மடிக்கணினியில் எஸ்கியூலைட்டோடு தொடங்கி, பிறகு பெரிய சேவையகத்தில் போஸ்ட்கிரெஸ்கியூஎல்லுக்கு மாறும்போது நிரலை மறுபடி எழுத வேண்டியிருக்கக் கூடாது. இத்தகைய சூழலுக்கு இடையடுக்கு மிகப் பொருந்தும்.

நூலகமும் தவறிய காப்புகளும்

1981 ஜூன் 1ஆம் திகதி இரவில் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிக்கப்பட்டபோது ஏறத்தாழ 97,000 நூல்கள் அழிந்தன. அவற்றில் வேறெங்கும் பிரதி இல்லாத ஏடுகளும் இருந்தன. அந்த இழப்பின் நினைவு ஈழத்தமிழரிடையே எண்ணிமக் காப்புக்கு உந்துதலாயிற்று. 2005இல் தொடங்கிய நூலகம் திட்டம் நூல்களையும் இதழ்களையும் ஸ்கேன் செய்து இணையத்தில் வைக்கிறது. அதன் தளம் மீடியாவிக்கியில் இயங்குகிறது. மைஎஸ்கியூஎல், போஸ்ட்கிரெஸ்கியூஎல், எஸ்கியூலைட் எதிலும் இயங்கும்படி மீடியாவிக்கிக்கும் சொந்த இடையடுக்கு உண்டு. எரிந்த நூலகத்தில் நூலும் அதன் விவர அட்டையும் ஒரே கட்டடத்தில் இருந்தன. இப்போதைய ஏற்பாட்டில் இரண்டும் பல இடங்களில் பல பிரதியாக இருக்க முடியும்.

நவீன முறை இருந்தும் காப்பு தவறிய நிகழ்வுகள் இலங்கையில் உண்டு. 2021 ஜூலையில் தேசிய மருந்துகள் ஒழுங்குமுறை அதிகார சபையின் தரவுகள் அழிந்தன. மீட்பதற்குப் போதிய காப்பு இல்லை என்பது வெளியானது. 2023 ஓகஸ்ட் 26ஆம் திகதி அரசு முகில் சேவையகங்களைப் பணயத் தாக்குதல் முடக்கியது. ஏறத்தாழ 5,000 அரச மின்னஞ்சல் முகவரிகள் பாதிக்கப்பட்டன. மே 17 முதல் அன்று வரையான மின்னஞ்சல்கள் திரும்பவில்லை. காரணம், இணைப்பில் இருந்த காப்பும் மூலத்தோடு சேர்ந்தே பூட்டப்பட்டது. இணைப்பறுத்து வைத்த பிரதி அந்தக் காலத்துக்கு இருக்கவில்லை. வலையமைப்பால் எடுத்த காப்பு வலையமைப்பில் மட்டுமே இருந்தால் அதே வலையமைப்பின் வழியே அழியும்.

மூன்று பிரதி, இரண்டு வகைச் சேமிப்பு, ஒன்று வேறிடத்தில் என்ற விதி இன்று கணினி அறைகளில் பரவலாகச் சொல்லப்படுகிறது. காணிக்காரரின் பெட்டி, நொத்தாரிசின் கோவை, திருகோணமலைக் காணிப் பதிவகம் என்று உறுதி மூன்றாகப் பிரிந்த காலத்திலேயே கொட்டியாரப் பற்றில் அந்த விதியின் பெரும்பகுதி நடைமுறையில் இருந்தது. பிரதேச மட்டத்தில் ஓர் அலுவலகம் தன் இடாப்புகளைக் கணினியில் ஏற்றும்போது அதே ஒழுங்கைக் கடைப்பிடிக்கலாம். ஒரு பிரதி அலுவலகத்தின் சேவையகத்தில் இருக்கும். இன்னொன்று வலையமைப்பு வழியே மாவட்ட நகருக்குப் போகும். மூன்றாவது இணைப்பறுத்த வட்டிலோ நாடாவிலோ பூட்டி வைக்கப்படும். பேரேட்டின் பிரதியும் அவற்றோடு போக வேண்டும். தரவுத்தளம் மாறும் நாளில் இடையடுக்கு அந்த மாற்றத்தைத் தாங்கும், ஆனால் காப்பு எடுக்கப்பட்டதா என்று அது பார்க்காது. அதை அறிய ஒரே வழி, குறித்த ஒரு நாளில் ஒரு கோப்பை மீட்டு, மூலத்தோடு ஒப்பிட்டுப் பார்ப்பது. பழைய ஏட்டை நீரில் விடும் முன் புதிய ஏட்டை வரி வரியாகச் சரிபார்த்த எழுத்தர் செய்ததும் அதுவே.